கில்லி மீன் முட்டைகள் ஏன் வெள்ளையாகின்றன, நோத்தோ முட்டை வாங்கலாமா?

நீங்கள் கேட்டது மூன்று விஷயம். கார்ட்னெரி என்ற கில்லி மீன் ஜோடி முட்டையிடுகிறது, ஆனால் நாலைந்து நாளில் முட்டைகள் வெள்ளையாகிப் பஞ்சு பிடித்துவிடுகின்றன, என்ன காரணம்? ஒருவர் நோத்தோபிராங்கியஸ் (சுருக்கமாக நோத்தோ) என்ற இன்னொரு கில்லி வகையின் முட்டைகளைத் தபாலில் அனுப்புகிறேன் என்கிறார், வாங்கலாமா? ஒரு வருடம்கூடத் தாங்காத மீனுக்கு இத்தனை பாடு தேவையா? கூடவே சென்னை, மாடி வீடு, இரண்டடித் தொட்டி, போர் தண்ணீர் என்ற விவரமும் கொடுத்திருக்கிறீர்கள். அது இல்லாமல் இதற்குப் பதில் சொல்லவே முடியாது, நன்றி. எனக்குப் படுவது என்னவென்றால், மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: முட்டையை என்ன செய்வது? கில்லியில் பெரிய மீனை உயிரோடு வைத்திருப்பது சுலபம். கப்பி வளர்த்தவர் யாரும் செய்துவிடலாம். வேலை முழுக்க முட்டையில்தான் இருக்கிறது, மீனைத் தேர்ந்தெடுப்பதுகூட அதன் முட்டை என்ன கேட்கிறது என்று பார்த்துத்தான். பல வருடம் வளர்த்தவன், இன்றும் வீட்டில் சில தொட்டிகள் வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். நான் மீன் மருத்துவன் இல்லை, தென் அமெரிக்க வகைகளை வளர்த்ததும் இல்லை, அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கில்லி என்று பொதுவாகச் சொன்னாலும் 1200-க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. வளர்ப்பவருக்கு முக்கியமான பிரிவு இரண்டு. ஒரு பக்கம், வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஓடைகளிலும் சதுப்புகளிலும் இருப்பவை. முட்டைகளைச் செடி, வேர், பாசி என்று ஏதாவது ஒன்றில் ஒவ்வொன்றாக ஒட்டிவிடும். உங்கள் கார்ட்னெரி, காபோன் நாட்டு ஆஸ்ட்ராலே, நம் ஊர் அப்லோகீலஸ் எல்லாம் இந்த வகை. மறுபக்கம், மழைக்கு நிரம்பி வெயிலில் காய்ந்துபோகும் குட்டைகளில் வாழ்பவை. இவை சேற்றுக்குள் முட்டையிடும். குட்டை காயும்போது பெரிய மீன் எல்லாம் செத்துப்போகும், முட்டை மட்டும் மண்ணுக்குள் அடுத்த மழைக்குக் காத்திருக்கும். கிழக்கு ஆப்பிரிக்க நோத்தோபிராங்கியஸ் இந்த வகை. முதல் வகை முட்டைக்கு நிலையான ஈரம் வேண்டும், இரண்டாம் வகைக்குத் தண்ணீரில்லாத ஒரு காலம் வேண்டும். இதைக் குழப்பினால் இரண்டுமே போய்விடும்.

சரி, உங்கள் கார்ட்னெரிக்கு வருவோம். முட்டை வெள்ளையாவதற்குப் பூஞ்சைதான் காரணம் என்று நினைக்கிறீர்கள். பெரும்பாலும் நடப்பது தலைகீழ். முட்டை முதலில் கருவுறாமலோ கரு செத்தோ போகிறது, அப்புறம்தான் பூஞ்சை அதன் மேல் வளர்கிறது. உயிருள்ள முட்டை கண்ணாடி மாதிரி தெளிவாக, இலேசான தேன் நிறத்தில் இருக்கும். ஓடு ஆச்சரியமான உறுதி. இரண்டு விரலால் எடுத்து மெதுவாக உருட்டினால் ஒன்றும் ஆகாது. கருவுறாதது அதே அழுத்தத்தில் நசுங்கிவிடும், அதனால் விரலால் எடுப்பதே ஒரு சோதனை. ஒன்றிரண்டு நாளில் வெள்ளையாவது கருவுறாத முட்டை என்று வைத்துக்கொள்ளலாம், அதற்கு மருந்து எதுவும் வேலை செய்யாது. நாலைந்து நாள் தெளிவாக இருந்து அப்புறம் கெடுவது வேறு கதை. அதில் பக்கத்து முட்டையிலிருந்து பரவிய பூஞ்சைக்கும் தண்ணீர் கெட்டுப்போனதற்கும் பங்கு இருக்கும். நீங்கள் முட்டைகளை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கிறீர்கள் என்று எழுதவில்லை. தினமும் பார்க்க வேண்டும், வெள்ளையானதை அன்றே எடுத்துவிட வேண்டும். ஒன்றை விட்டால் அதன் இழைகள் பக்கத்து நல்ல முட்டையையும் சுற்றிக்கொள்ளும்.

கருவுறாத முட்டை அதிகமாக வருவதற்குச் சாதாரணக் காரணங்கள் மூன்று. முதலாவது வயது. இளம் ஜோடியின் முதல் சில வார முட்டைகளில் பாதிக்கு மேல் வீணாவது வழக்கம், கவலைப்பட வேண்டாம். இரண்டாவது உணவு. உலர் தீவனம் மட்டும் தின்னும் பெண் மீன் முட்டை போடும், ஆனால் குறைவாகவும் மோசமாகவும் போடும். கொசுப்புழு, டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு, ஆர்ட்டீமியா என்ற மிகச் சிறிய உப்புநீர் இறால், உறைந்த இரத்தப்புழு என்று ஏதாவது கொடுத்துப் பாருங்கள், இரண்டே வாரத்தில் வித்தியாசம் தெரியும். மாடித் தொட்டியில் கொசுப்புழு எடுக்கலாம், ஆனால் அது கொசுவாகிப் பறப்பதற்குள் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மாநகராட்சிக்காரர்கள் வீடு தேடி வருவார்கள், அது நியாயமும்கூட. சாக்கடையில் எடுக்கிற டியூபிஃபெக்ஸ் புழுவை நான் தொடுவதில்லை. மூன்றாவது, ஆண் மீன். கார்ட்னெரி ஆண் விடாமல் துரத்தும். ஒரே ஒரு பெண் என்றால் அது மூலையில் ஒளிந்து, துடுப்பு கிழிந்து, சோர்ந்துவிடும். ஒரு ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண் வைப்பதுதான் நல்லது. அது கிடைக்காவிட்டால் ஜோடியை ஒரு வாரம் பிரித்து வைத்து, பெண்ணுக்கு நன்றாகத் தீனி போட்டு, இரண்டு மூன்று நாள் மட்டும் சேர்த்து விடுங்கள். தொடர்ந்து ஒன்றாக வைத்திருப்பதைவிட இதில்தான் அதிக நல்ல முட்டை கிடைக்கும்.

முட்டையிடுவதற்கு நூல் குஞ்சம் போதும். செயற்கைக் கம்பளி நூல், அதாவது அக்ரிலிக், கரும்பச்சை நிறத்தில் வாங்கி, சாயம் போகும்வரை கொதிக்கவைத்து, ஒரு சாண் நீளத்தில் முப்பது நாற்பது இழையாகக் கட்டி, தெர்மாகோல் துண்டில் தொங்கவிடுங்கள். உண்மையான ஆட்டுக் கம்பளி வேண்டாம், அழுகும். எடுத்த முட்டைகளை வைக்க இரண்டு வழி. ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் ஆழத் தண்ணீருள்ள மூடி போட்ட டப்பா, அதில் பூஞ்சையைத் தடுக்கும் மெத்திலீன் நீலம் என்ற சாயம் வெளிர் வானநிறம் வரும் அளவுக்கு மட்டும், நேர் வெளிச்சம் படாத இடம். இதில் பொரிக்க ஏறக்குறைய 2 முதல் 3 வாரம் ஆகும். இன்னொன்று, ஈரமான பீட் (சதுப்பில் மக்கிய பாசித் தூள்) மேல் முட்டைகளைப் பரப்பி டப்பாவை மூடிவிடுவது. மூன்று வாரம் கழித்து எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் ஊற்றினால் குஞ்சுகள் ஒரே அளவில் வரும், ஒன்றை ஒன்று தின்பது குறையும். உங்கள் நிலைமைக்கு நான் இரண்டாவதையே சொல்வேன், ஏனென்றால் பஞ்சு பிடித்துப் பரவுவது தண்ணீரில் நடப்பதைவிட இதில் மிகவும் குறைவு. முட்டைக்குள் தங்க வளையத்தோடு கண் தெரிந்தால் கரு முழுதாகிவிட்டது என்று அர்த்தம்.

பீட் என்று சொன்னதும் எல்லோரும் தோட்டக் கடையில் கோகோபீட் வாங்கிவிடுகிறார்கள். அது தேங்காய் நார்த் தூள், பீட் பாசி இல்லை. இருந்தாலும் வேலைக்கு ஆகும், ஒரு நிபந்தனையோடு: நாரை உப்புநீரில் ஊறப்போடும் இடங்களிலிருந்து வருகிற தூளில் உப்பு இருக்கும், உரம் கலந்து விற்பதும் உண்டு. உரமில்லாததாகப் பார்த்து வாங்கி, பல முறை கொதிக்கவைத்துக் கொட்டி, அலசி, தண்ணீருக்கு அடியில் தங்கும்வரை ஊறவையுங்கள். பிறகு துணியில் பிழியுங்கள். கையில் இறுக்கினால் சொட்டக் கூடாது, ஆனால் தொட்டால் விரலில் ஈரம் தெரிய வேண்டும். இந்தப் பக்குவத்தை எழுத்தில் இதற்கு மேல் சொல்ல முடியாது, இரண்டு தடவை செய்தால் கைக்கு வந்துவிடும்.

போர் தண்ணீரைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது: கார்ட்னெரி கடினத் தண்ணீரை ஓரளவு தாங்கும். சந்தேகத்துக்கு இடமானது: உங்கள் முட்டைகள் கெடுவதற்கு அந்தக் கடினம்தான் காரணமா என்பது. சென்னையிலேயே தெருவுக்குத் தெரு தண்ணீர் மாறுகிறது, அளந்து பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. வீட்டில் ஆர்.ஓ. இருந்தால் பாதிக்குப் பாதி கலந்து, அதில் ஒரு தொகுதி முட்டையும் வெறும் போர் தண்ணீரில் ஒரு தொகுதியும் வைத்துப் பாருங்கள். நாலு பேரிடம் கேட்பதைவிட அது நல்ல பதில் தரும்.

குஞ்சு பொரித்தபின் கார்ட்னெரி சிரமம் தராது. முதல் நாளிலேயே புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவைத் தின்னும் அளவுக்குப் பெரிய வாய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25-30 கிராம் அயோடின் சேர்க்காத கல் உப்பு, காற்றுக்குழாய், ஒரு விளக்கு, அரைத் தேக்கரண்டி ஆர்ட்டீமியா முட்டை. நம் ஊர்ச் சூட்டில் 24 மணி நேரத்தில் ஆர்ட்டீமியா தயார். காற்றை நிறுத்திச் சிறிது நேரம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், ஆர்ட்டீமியா கீழே வெளிச்சத்தை நோக்கிக் கூடும், கீழிருந்து உறிஞ்சி நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். ஓட்டோடு கொடுக்காதீர்கள், குஞ்சின் குடலில் அடைத்துக்கொள்ளும். தினமும் இரண்டு வேளை கொடுத்து, அடியில் சேர்ந்ததை உறிஞ்சி, கொஞ்சம் தண்ணீரும் மாற்ற வேண்டும். இந்த வேலைக்கு நேரமில்லை என்றால் இனப்பெருக்கத்தை இப்போதைக்குத் தள்ளிப்போடுவது நல்லது.

பெரிய மீனுக்கு நான் வலியுறுத்துவது மூடியும் சூடும் மட்டும். ஒரு ஜோடிக்கு 20 லிட்டரே போதும், ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும், ஆனால் மூடியில் காற்றுக்குழாய் போகிற ஓட்டை அளவு இடைவெளி இருந்தாலும் கில்லி குதித்து வெளியே வந்துவிடும். கில்லி சாவதற்கு நோயைவிடத் தரையே பெரிய காரணம் என்று வளர்ப்பவர்கள் சொல்வது வேடிக்கைக்காக அல்ல. அடுத்தது மே மாதம். மாடி வீட்டில் தொட்டித் தண்ணீர் 31-32 டிகிரிக்குப் போகும். கார்ட்னெரிக்கு 22-26 தான் இதம். சில வாரம் தாங்கும், ஆனால் முட்டை குறையும், ஆயுளும் குறையும். மழைக்காட்டு ஓடைகளில் இருந்து வந்த, ஆஸ்ட்ராலே போன்ற அஃபியோசெமியான் இனங்களுக்கு அந்தச் சூடு ஒத்துவராது. படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு ஆஸ்ட்ராலே வாங்குவதாக இருந்தால் குளிர்விக்க வழி செய்துவிட்டு வாங்குங்கள். தண்ணீர்ப் பரப்பின் மேல் சிறு மின்விசிறி ஓடினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் சென்னைப் புழுக்கத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. விசிறிக்காக மூடியைத் திறந்தால் மேலே கொசுவலைத் துணியை இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

இனி நோத்தோபிராங்கியஸ். முட்டை வாங்கலாம், ஆனால் கேட்டுவிட்டு வாங்குங்கள். எந்த இனம், எந்த இடத்து வகை, முட்டை உள்ள பீட்டை எந்தத் தேதியில் தொட்டியிலிருந்து எடுத்தது, எந்தச் சூட்டில் வைத்திருந்தது, இந்த நாலுக்கும் பதில் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள். தேதி இல்லாத பீட் பையை எப்போது தண்ணீர் ஊற்றி நனைப்பது என்று உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து அலங்கார மீன் கொண்டுவர அனுமதி தேவை என்பதால், நாட்டுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்தவரிடம் வாங்குவது எல்லா வகையிலும் நிம்மதி. முட்டையைத் தபாலில் அனுப்புவது பித்தலாட்டம் இல்லை. காய்ந்த குட்டையைத் தாண்டுவதற்கென்றே அமைந்த முட்டை அது, உறையில் பயணம் செய்வது அதற்குப் பெரிய விஷயமில்லை.

அந்த அமைப்பைக் கொஞ்சம் சொல்ல ஆசை. கரு வளர்ச்சியில் மூன்று இடங்களில் இந்த முட்டை தன்னை நிறுத்திக்கொள்ள முடியும். முதல் நிறுத்தம் மிக ஆரம்பத்தில், செல்கள் சிதறி இருக்கும் கட்டத்தில். இரண்டாவது உடல் ஓரளவு உருவாகி இதயம் துடிக்கத் தொடங்கியிருக்கும் கட்டத்தில். மூன்றாவது, குஞ்சு முழுதாகத் தயாரான பின், பொரிப்பதற்குச் சற்று முன்பு. 1972-இல் வூர்ம்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை விரிவாக எழுதினார். முக்கியமானது என்னவென்றால், ஒரே நாளில் ஒரே பெண் போட்ட முட்டைகள்கூட ஒரே மாதிரி நிற்பதில்லை. சில எல்லா நிறுத்தத்தையும் தாண்டி ஓடிவிடும், சில மாதக்கணக்கில் நிற்கும். மானாவாரிக்காரர் கையிருப்பு விதை முழுவதையும் முதல் மழைக்கே தூவிவிட மாட்டார் அல்லவா, அதே கணக்கு. பொய் மழைக்குக் குட்டை நிரம்பி மறுபடி காய்ந்தாலும் கொஞ்சம் முட்டை மிச்சம் இருக்கும். அதனால்தான் முதல் தடவை நனைத்து, குஞ்சுகளை எடுத்தபின், பீட்டைத் தூக்கி எறியக் கூடாது. திரும்பப் பிழிந்து, பையில் போட்டு, தேதி எழுதி, சில வாரம் கழித்து இன்னொரு முறை நனைத்தால் பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் வரும்.

நோத்தோக்களில் தொடங்குவதற்குச் சான்சிபார் தீவின் குந்தெரி இனம் நல்லது. மொசாம்பிக்கின் ராக்கோவி அழகில் அதற்கு மேல், ஆனால் அதன் முட்டை அரை வருடம் போலக் காத்திருக்க வைக்கும். குந்தெரி முட்டை 24-25 டிகிரியில் சுமார் 3 மாதம். சூடு கூடினால் கரு வேகமாக வளரும். ஃபுர்செரி என்ற இன்னொரு நோத்தோ இனத்தில் செய்த ஆய்வுகளில் 30 டிகிரி அளவில் பெரும்பாலான கருக்கள் இரண்டாம் நிறுத்தத்தைத் தாண்டியே போய்விடுகின்றன என்று பார்த்திருக்கிறார்கள். ஆகவே நம் வீட்டில் பொட்டலத்தில் எழுதியிருக்கும் தேதியை மட்டும் நம்பாமல், ஒன்றரை மாதத்திலிருந்தே வாரம் ஒருமுறை சில முட்டைகளை எடுத்து லென்ஸில் பாருங்கள். பெரும்பாலானவற்றில் கண் தெளிவாகத் தெரிந்தபின் 16-18 டிகிரிக் குளிர்ந்த தண்ணீரை சில சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஊற்றுங்கள். சில மணி நேரத்தில் குஞ்சுகள் நீந்தும். சீக்கிரம் நனைத்தால் காற்றுப்பை நிரம்பாமல் அடியிலேயே வயிற்றால் நகரும் குஞ்சுகள் வரும், அவை தேறுவதில்லை. சரியான நேரத்தில் நனைத்தாலும் சில அப்படி வருவது உண்டு. அதற்கு நீரின் ஆழம், சூடு, ஆக்ஸிஜன், முட்டையின் வயது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், எதுவும் முடிவாக நிரூபிக்கப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

நோத்தோவில் உங்களுக்கு ஒரு லாபம் உண்டு: போர் தண்ணீரின் கடினம் இவற்றுக்குப் பிரச்சினையே இல்லை. நஷ்டமும் உண்டு: வெல்வெட் நோய் இவற்றை எளிதில் பிடிக்கும். உடம்பில் மெல்லிய தங்கப் பொடி தூவியது போல் தெரியும், மீன் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நிற்கும். லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் உப்பு எப்போதும் தொட்டியில் இருந்தால் பெரும்பாலும் வராமல் பார்த்துக்கொள்ளலாம், பலரும் அப்படித்தான் வளர்க்கிறார்கள். அப்புறம், இவை தின்பது மிக அதிகம், கழிவும் அதிகம், வாரத்துக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றினால் போதும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

ஆயுள் பற்றிய கேள்வி நியாயமானது. ஃபுர்செரி ஆய்வகத்தில் 4 முதல் 6 மாதம்தான் இருக்கும். மொசாம்பிக் குட்டைகளில் பொரித்து இரண்டே வாரத்தில் அது முட்டையிடும் பருவத்துக்கு வந்துவிடுகிறது என்று 2018-இல் வெளியிட்டார்கள். 1968-இல் இன்றைய சிம்பாப்வேயின் கோனரேசூ பகுதியில் பிடித்த மீன்களின் வழித்தோன்றல்கள் இன்றும் முதுமை ஆராய்ச்சிக்கூடங்களில் இருக்கின்றன. முதுகெலும்புள்ள ஒரு உயிர் முழுதாக வளர்ந்து மூப்படைவதைச் சில மாதத்தில் பார்க்க முடிகிறது என்பதால்தான். குந்தெரி வீட்டுத் தொட்டியில் ஒரு வருடம் போல இருக்கும். இது பிடிக்காதவர் வளர்க்க வேண்டியதில்லை, அதில் தவறு எதுவும் இல்லை. கார்ட்னெரியே நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு வருடமும் அதற்கு மேலும் இருக்கும். ஆனால் ஒருநாள் தொட்டி காலியாகிவிடும், அலமாரியில் பைக்குள் அடுத்த தலைமுறை இருக்கும் என்பதை ஏற்றுக்கொள்பவருக்கு நோத்தோ வேறெந்த மீனும் தராத ஒன்றைத் தருகிறது: நீங்கள் வெளியூர் போகும் மாதத்தைப் பார்த்து, எப்போது மீன் வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

யாரும் கேட்காமலே ஒரு யோசனை. நம் பக்கத்திலேயே கில்லி இருக்கிறது. தென்னிந்திய ஓடை, வாய்க்கால், வயல் நீரில் வாழும் அப்லோகீலஸ் லினியாட்டஸ் அது, கேரளத்தில் மானத்துக்கண்ணி என்பார்கள். கொளத்தூர்க் கடைகளில் கோல்டன் வொண்டர் என்று மஞ்சளாக விற்பது இதே மீனின் வளர்ப்பு வகை. சூடு, போர் தண்ணீர் எதற்கும் அலட்டிக்கொள்ளாது, நூல் குஞ்சத்தில் முட்டையிடும், இரண்டு வாரம் போலப் பொரிக்கும், கொசுப்புழுவை அப்படித் தின்னும். 10 சென்டிமீட்டர் வரை வளரும், வாய்க்கு அடங்கும் எதையும் விழுங்கும் என்பதால் நியான் டெட்ராவோடு போடாதீர்கள், குஞ்சுகளையும் அளவு வாரியாகப் பிரிக்க வேண்டும். பெயர் பெரிதில்லை, விலையும் பெரிதில்லை, அதனாலேயே கில்லி வளர்ப்பவர்கள் இதை மதிப்பதில்லை. முட்டை எடுக்கவும் குஞ்சு வளர்க்கவும் கை பழக இதைவிட நல்ல மீன் சென்னையில் இல்லை என்பது என் கருத்து.

கடைசியாக ஒரு விஷயம். உங்கள் கார்ட்னெரியை விற்றவர் அது எந்த இடத்து வகை என்று சொன்னாரா? அகூரே, மகுர்டி, மிசாஜே, என்சுக்கா என்று பல இருக்கின்றன, ஒன்றுக்கொன்று கலந்தால் வரும் வாரிசுகள் மலடாகப் போகலாம். உங்கள் ஆணும் பெண்ணும் வெவ்வேறு கடையிலிருந்து வந்தவை என்றால் முட்டை கெடுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்க இடமுண்டு. அது தெரிந்தால் எழுதுங்கள், வெள்ளையான முட்டைகளின் படமும், அவை எத்தனையாவது நாளில் மாறின என்ற குறிப்பும் சேர்த்துப் போட்டால் இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும்.